வாங்க, கோமதிநாயகம்

"வாங்க, கோமதிநாயகம்" என்று அண்ணாச்சி சொன்ன நேரத்திலிருந்து எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. எங்கள் கம்பெனியின் வருஷக் கடைசி விழா. மண்டப வாசலில், பன்னீர் தெளிக்கிற பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கட்டடக் கம்பெனி முதலாளி, ஆனால் எங்கள் எல்லாருக்கும் தளவாய் அண்ணாச்சி. நான் படியேறியதும் இரண்டு கையையும் கூப்பினார். என்னைப் பார்த்துத்தான் கூப்பினார். அதோடு நிறுத்தினாரா, "வீட்லயும் கூட்டிட்டு வந்திருக்கியளா, நல்லது, உள்ள போயி உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்றும் சொன்னார். பின்னால் பேங்க் மேனேஜர் யாராவது வருகிறாரா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். என் மனைவி முப்பிடாதிதான் சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஆக, அது எனக்குத்தான். தலை முழுக்கக் கறுப்பாக இருந்த வயதில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'ஏலே கோமதி'. கோபம் வந்தால் 'ஏலே மாடு'. சந்தோஷமாக இருந்தால் 'எங்கலே போய்த் தொலைஞ்ச'. என் முழுப்பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். காப்பி குடித்தேன். இனிப்பா கசப்பா என்று நாக்குக்குப் பிடிபடவில்லை. முப்பிடாதி, "அண்ணாச்சி இன்னைக்கு எவ்வளவு மரியாதையாப் பேசுதாவ, பாத்தியளா" என்று பூரித்துப்போனாள். அவளுக்கு என்ன தெரியும்.

மரியாதை கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் கம்பெனிக்குள் இருந்து பார்த்தால்தான் விளங்கும். அண்ணாச்சி வாயிலிருந்து ஒரு 'ங்க' வாங்க வேண்டும் என்றால் நீ வெளியாளாக இருக்க வேண்டும், இல்லை வெளியாளாக ஆகப்போகிறவனாக இருக்க வேண்டும். நான் சும்மா சொல்லவில்லை. ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த சேர்மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனை 'ஏலே சேர்மா' என்று கூப்பிடுகிற சத்தம் ஜங்ஷன் வரைக்கும் கேட்கும். ஒருநாள் ரூமுக்குள் கூப்பிட்டு, "சேர்மதுரை, உக்காருங்க, காப்பி சாப்பிடுதியளா" என்று கேட்டிருக்கிறார். காப்பியும் வந்திருக்கிறது. அவன் வெளியே வந்து எங்கள் எல்லாரிடமும் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நடித்துக்கூடக் காட்டினான். அந்த வருஷக் கடைசி விழாவில் அவனுக்குப் பொன்னாடை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பொங்கல் கழிந்து போனால் ஸ்டோரில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். அடுத்தது சர்வேயர் ஜெபமணி. அவரை 'ஜெபமணி சார்' என்றே கூப்பிட்டார். சார் வேறு! அவருக்கும் பொன்னாடை, அவருக்கும் கடிகாரம். யாரையும் திட்டி அனுப்புகிற பழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. திட்டுகிறவரைக்கும் நீ வீட்டு ஆள். திட்டு நின்று மரியாதை வந்துவிட்டால் பெட்டியைக் கட்டு. இதை நானேதான் கண்டுபிடித்து எல்லாருக்கும் சொன்னேன், என் கண்டுபிடிப்பு என்று பெருமைகூடப் பட்டேன், இப்போது அது என் தலையில் வந்து விடிந்திருக்கிறது. விளக்கேற்றுகிறார்கள். எல்லாரும் எழுந்து நிற்கிறோம், உட்காருகிறோம். மேடையில் வெள்ளைத்துணி விரித்த மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் பொன்னாடைகள். அதற்குப் பக்கத்தில், பளபளக் காகிதம் சுற்றி, தட்டையாக, சதுரமாக ஒரு பெட்டி. சுவர்க்கடிகாரத்துக்குத்தான் அந்த அளவு, அந்தக் கனம். அது யாருக்கு?

மண்டப லைட்டை அணைத்துவிட்டுத் திரையில் 'இந்த ஆண்டின் சாதனைகள்' என்று ஓட்டுகிறார்கள். டிரோன் வைத்து எடுத்தது. தென்காசி ஆஸ்பத்திரிக் கட்டடம் மேலிருந்து தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. வள்ளியூர் வணிக வளாகம். கால்வாய்ப் பாலத்தில் முதல் பஸ் போகிறது, கை தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். ரத்ததான முகாம், கயிறிழுக்கும் போட்டி, ஆயுதபூஜைக்குக் கலவை மிஷினுக்கு மாலை. அப்புறம் நான் சூப்பர்வைசராக இருக்கிற என் சைட், ஆலங்குளம் பள்ளிக்கூடம். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். டிரோன் வந்த அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன், மொட்டைமாடியில் நின்று கைகூடக் காட்டினேன். படத்தில் மாடி வருகிறது, தண்ணீர்த்தொட்டி வருகிறது, கம்பி கட்டுகிற பையன்கள் பல்லைக் காட்டுகிறார்கள், ஓரத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் வருகிறது, அது நான்தானா என்று பார்ப்பதற்குள் படம் அடுத்த சைட்டுக்குத் தாவிவிட்டது. வெட்டியிருக்கிறார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்து, இவர் இனி இருக்கப்போவதில்லை, இவர் எதற்கு என்று வெட்டியிருக்கிறார்கள். பின்னணியில் ஒரு பெண்குரல், அனுபவமிக்க கரங்களுக்கு நன்றி, இளம் மூளைகளுக்கு வரவேற்பு என்கிறது. நன்றி எப்போது சொல்வார்கள்? முடிந்தபிறகுதானே சொல்வார்கள். முப்பிடாதியிடம் "நான் வந்தனா படத்துல?" என்று கேட்டேன். "வந்திய வந்திய" என்றாள், அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவின் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் அந்தக் கான்கிரீட் போடாத நாளிலிருந்து வந்தது. வேறு என்னவாக இருக்க முடியும்? ஆலங்குளத்தில் மேல்தளம் போடுகிற அன்றைக்கு முந்தின ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தால் முட்டுக்கொடுத்த கம்புகளுக்கு அடியில் மண் சொதசொதவென்று இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கலவை லாரிகள் வந்து நின்றுவிட்டன, பள்ளிக்கூடத் தாளாளர் தேங்காயும் சூடமுமாக வந்து நிற்கிறார், நான் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். தாளாளர் நல்ல நேரம் போகிறதே என்று கத்தினார். கலவை அத்தனையும் வீண். தேவையில்லாமல் நிறுத்தினேனா, நிறுத்தியதால்தான் ஒன்றும் ஆகவில்லையா, அது எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது, விழாத கட்டடத்தை வைத்து எதை நிரூபிப்பது. மத்தியானம் அண்ணாச்சியின் மகள் சிந்துஜா காரில் வந்து இறங்கினாள். பெங்களூரில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, இந்த ஆடியில்தான் வந்து டைரக்டர் ஆனவள். "யார் எடுத்த முடிவு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். சேற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஓகே அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஓகே அங்கிள். இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அவள் அப்பாவாக இருந்தால் ஏலே மாடு என்று ஆரம்பித்து என் பரம்பரையையே இழுத்திருப்பார், அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஓகே அங்கிளை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது. அதற்கு அடுத்த மாதம் சைட்டில் மூஞ்சி காட்டுகிற மிஷினை மாட்டினாள், வருகைப்பதிவுக்கு. எல்லாருக்கும் பச்சை விளக்கு எரிகிறது, எனக்கு மட்டும் 'முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்'. ஹெல்மெட்டைக் கழற்றினேன், கண்ணாடியைக் கழற்றினேன், கொஞ்சம் சிரித்துப் பாருங்க சார் என்றான் வாட்ச்மேன், மிஷினைப் பார்த்துச் சிரித்தேன். பொருந்தவில்லை. போன வாரம் முழுக்கவே பொருந்தவில்லை. மிஷினுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்களோ என்னவோ.

இப்போது பரிசு கொடுக்கிறார்கள். மைக் அண்ணாச்சி கையில். சிறந்த பணியாளர் என்று முதலில் பொன்னுத்தாய். என் சைட்டில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு நனைக்கிறவள், என்னை மாதிரியே ரொம்பப் பழைய ஆள். அவளுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அண்ணாச்சி மைக்கில், "வாங்க பொன்னுத்தாயி, மேல வாங்க, மெதுவா வாங்க" என்றாரே! பொன்னுத்தாயையா? 'ஏட்டி, ஓஸ் பைப்பப் புடிட்டி' என்கிற வாயா இது? பாவம், அவளையும் நிறுத்தப்போகிறார்கள். அவள் குக்கர் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக இறங்கி வருகிறாள். சேர்மதுரையும் இப்படித்தான் சிரித்தான். அடுத்தது டிரைவர் சுப்பையா, அண்ணாச்சியின் காரை ஓட்டுகிறவர். "சுப்பையா, வாங்க" என்கிறார். டிரைவரையே அனுப்புகிறார் என்றால் கார் இருக்காது. கார் இல்லாத அண்ணாச்சி எந்த சைட்டைப் பார்க்கப் போவார்? கம்பெனியை விற்றுவிட்டார். அதுதான். முன்வரிசையில் ஊதா நிறக் கோட்டுப் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நம் ஊர் ஆளாகத் தெரியவில்லை, அண்ணாச்சி ஒவ்வொருமுறை 'வாங்க' சொல்லும்போதும் அவர் சரி சரி என்று தலையாட்டுகிறார், சரக்கைப் பார்த்து எடுத்துக்கொள்கிற வியாபாரிதான் அப்படித் தலையாட்டுவான். அவன்தான் வாங்குகிறவன். முப்பிடாதியின் காதில், "கம்பெனி கைமாறுது" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு இப்படிக் கெடந்து மருகுதிய? மரியாதையாக் கூப்பிட்டா வாங்கிக்கிட வேண்டியதுதான. உங்கள ஏலேன்னு கூப்பிடும்போதெல்லாம் நான் எங்க கொண்டு போயி மூஞ்சிய வச்சிக்கிடுவேன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியளா" என்றாள்.

கேட்டதில்லை. பெரியவளுக்கு நிச்சயம் செய்த அன்று அண்ணாச்சி வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கூடத்தில் இருக்கும்போது, "ஏலே கோமதி, அந்த நாக்காலிய இழுத்துப் போடுலே" என்றார். நான் சிரித்துக்கொண்டே இழுத்துப் போட்டேன். அவர்கள் போனபிறகு மகள், ஏம்பா உங்கள லேன்னு கூப்பிடுதாவ என்று கேட்டாள். அது பாசம்டா என்றேன். பாசம் இல்லையா? என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே அண்ணாச்சிதான் ராத்திரியோடு ராத்திரியாக வந்து, "ஏலே, அழாதலே, நான் இருக்கேம்லா" என்று தோளைப் பிடித்துக்கொண்டார். நீங்க அழாதீங்க என்று சொல்லியிருந்தால் நான் இன்னும் அழுதிருப்பேன். அந்த லேயைத்தான் இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஐம்பதைத் தாண்டியவனை இனி எவன் எடுப்பான், சின்னவள் காலேஜில் இன்னும் பாதியில் நிற்கிறாள், எனக்கு வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன், பயமாக இருக்கிறது. இவ்வளவுக்கும் மேலே ஒரு துக்கம், நான் இனி யாருக்கு லே. என்னை லே என்று கூப்பிட அப்பாவுக்குப் பிறகு இவர் ஒருத்தர்தான் இருந்தார். இப்போது மைக் சிந்துஜாவிடம் போய்விட்டது. அவள் அந்தச் சதுரப் பெட்டியை எடுக்கிறாள். பொன்னாடை ஒன்றைப் பிரிக்கிறாள். "நம்ம கம்பெனியோட மூத்த ஊழியர், கோமதிநாயகம் அங்கிள், மேடைக்கு வாங்க" என்கிறாள். முப்பிடாதி என் முழங்கையை இடிக்கிறாள். எல்லாரும் கை தட்டுகிறார்கள். சாவு வீட்டில் மாலை போடப் போகிறவன் மாதிரி எழுந்து போகிறேன்.

படியேறினேன். எத்தனை சாரத்தில் ஏறியிருக்கிறேன், இந்தச் சின்ன மேடை ஆட்டம் கொடுக்கிறது. சிந்துஜா பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்து நீட்டினாள். சரி, அவமானப்படாமல் வாங்கிக்கொண்டு போவோம் என்று கழுத்தைக் குனிந்து நின்றேன். ஒன்றும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். கீழே யாரோ சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவியது. "அங்கிள், இது உங்களுக்கில்ல, நீங்கதான் அப்பாவுக்குப் போடணும்" என்று மெல்லச் சொன்னாள். நிமிர்ந்தேன். அண்ணாச்சி எனக்கு எதிரே, நான் நின்ற மாதிரியே கழுத்தைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கடிகாரம் அவருக்குத்தான். போகப்போகிறவர் அவர்தான். பொன்னாடையைப் போட்டேன், பெட்டியைக் கையில் கொடுத்தேன், அவர் அதை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். நாளையிலிருந்து எல்லாம் மகள்தான், நான் வீட்டில் இருக்கப்போகிறேன் என்றார். "ஒரு மாசமா எனக்குப் பாடம் நடக்கு. இனிமே கம்பெனியில யாரும் யாரையும் ஏலேன்னு கூப்பிடப்படாதாம். போறதுக்கு முன்னால ஒருநாளாவது ஒழுங்காப் பேசிட்டுப் போங்கன்னுட்டா எம்மவ. இந்தா, முன்னால கோட்டுப் போட்டு இருக்காவளே, இவுகதான் எனக்கு வாத்தியாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ஊதாக் கோட்டுக்காரர் எழுந்து கும்பிட்டார். எனக்கு வேலை போகவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். காதோரம் ஒரு லே வரும் என்று காத்திருந்தேன். "பாத்துக்கிடுங்க, கோமதிநாயகம்" என்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். சொதி, இஞ்சித் துவையல், எல்லாம் பிரமாதம். அவருக்குச் சொதி புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே, "ஏலே, தண்ணிய எடுலே" என்றார். எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, எதிர்ப்பந்தியில் மகள் இருக்கிறாளா என்று திருட்டுமுழி முழித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, கண்ணில்கூடத் தண்ணீர் வந்தது. அது இலையில் விழுவதற்குள் இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த லே இனி எதற்கு உதவும்? என்னை வைத்துக்கொள்ளவோ அனுப்பவோ இனி இவரால் முடியாதே. அதைச் செய்யக்கூடியவள் எதிரே பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறாள். கைகழுவப் போகிற வழியில் அவளே நிறுத்தினாள். "சாப்பிட்டீங்களா அங்கிள்? நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வந்துட்டுப் போங்களேன், கொஞ்சம் பேசணும்" என்றாள். சிரித்த முகம்தான். என்ன விஷயம் என்று கேட்டேன். "காப்பி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம், வாங்க" என்றாள். அவள் எல்லாரையும் வாங்க என்கிறாள். இலை எடுக்கிறவனையும் வாங்க என்கிறாள், மிஷின் விற்க வருகிறவனையும் வாங்க என்கிறாள். இந்த வாங்க எந்த வாங்க? அண்ணாச்சியிடம் எனக்கு ஒரு அளவுகோல் இருந்தது, அதை வைத்து இத்தனை வருஷம் மழை வருமா வெயில் வருமா என்று பார்த்து ஓட்டிவிட்டேன், இனி எதை வைத்துப் பார்ப்பேன். ஆலங்குளத்துச் சேற்றுக்காகப் பாராட்டப் போகிறாளா? பாராட்டுவதென்றால் மேடையிலேயே பாராட்டியிருக்கலாமே. காப்பி எதற்கு? சேர்மதுரைக்கும் காப்பிதானே.

வெளியே கம்பெனி வேன் இன்னும் வரவில்லை. பொன்னுத்தாய் மண்டபப் படியில் குக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பிடாதி பூ வாங்கப் போயிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, முப்பிடாதி கேட்டது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்ததோ, புது உத்தரவுப்படி நாமும் பழகுவோமே என்று நினைத்தேனோ. எத்தனையோ வருஷமாக இவளை நான் வா போ என்றுதானே வேலை வாங்கியிருக்கிறேன். அவள் பக்கத்தில் போய், "பொன்னுத்தாயி, சாப்பிட்டியளா? எந்திரிங்க, நாங்க ஆட்டோ பிடிக்கப் போறோம், கூட வாங்க, வீட்டுல இறக்கி விடுதேன்" என்றேன். அவள் முகத்தில் காலையிலிருந்து இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மேடையில் அண்ணாச்சி கூப்பிட்டபோது மேடைப்பேச்சு என்று எடுத்துக்கொண்டிருப்பாள், அவளுக்குச் சைட்டில் நான்தானே எல்லாம். எழுந்து நின்றாள். "ஏன் சார் என்னையப் போயி வாங்கங்கிய? நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?" என்றாள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள், நான் காலையிலிருந்து எல்லார் முகத்தையும் பார்த்த அதே பார்வை. "என் பொழப்புல கைவச்சிராதீங்க சார், இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, குக்கர் பெட்டியை என் கையில் திணித்தாள்.